அந்தப் போனை அழித்துவிடாதீர்கள்

பிள்ளையின் போனில் மிரட்டலாக ஏதாவது வந்துவிட்டால் பெற்றோர் முதலில் செய்வது, போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழிப்பது. அடுத்தது, அதே மிரட்டலை "எல்லாரும் உஷாரா இருங்க" என்று ஒரு வரி சேர்த்துக் குடும்பக் குரூப்பில் போடுவது. பிறகு யாரோ சொல்லிக் காவல் நிலையத்துக்குப் போகும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. நம்பர் இல்லை, லிங்க் இல்லை, என்றைக்கு வந்தது என்பதும் நினைவில்லை. அங்கே இருப்பவரோ, "அதெல்லாம் கட்டுக்கதைம்மா, பையனை ஒழுங்காப் படிக்கச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். காரைக்காலில் இது ஓயாமல் நடக்கிறது. நடக்கக் கூடாத ஊர் இது.

இங்கேதான் 2017 செப்டம்பரில், நிரவியைச் சேர்ந்த 22 வயது இளைஞர் ஒருவரை, தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட 'நீலத் திமிங்கலம்' (புளூ வேல்) விளையாட்டிலிருந்து மீட்டதாகக் காரைக்கால் போலீசார் அறிவித்து, செய்தியாளர்கள் முன் பேசவைத்தார்கள். அது டவுன்லோடு செய்கிற ஆப் அல்ல, வாட்ஸ்அப் குரூப்பில் வந்த லிங்க் என்றார் அவர். முதல் சில நாட்கள் சொந்த விவரங்களையும் படங்களையும் வாங்கிக்கொண்டார்களாம். சொல்லும் வேலைகளைப் பின்னிரவு 2 மணிக்கு மேல்தான் செய்ய வேண்டுமாம். அதில் ஒன்று, இடுகாட்டுக்குப் போய் செல்ஃபி எடுத்து அனுப்புவது. அவருடைய சகோதரர் தயங்காமல் போலீசுக்குச் சொன்னதால்தான் உயிர் தப்பியது.

இந்தத் திமிங்கலம் மெய்யா, கதையா? 2016 மே மாதம் ரஷ்யாவின் 'நோவயா கசெட்டா' செய்தித்தாளில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய பயம் இது. அங்கே சிறாரைத் தற்கொலைக்குத் தூண்டியதற்காகப் பிலிப் புதெய்கின் என்பவருக்கு 2017 ஜூலையில் 3 ஆண்டு 4 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 11 அன்று, அந்த விளையாட்டின் லிங்குகளை நீக்கும்படி கூகுள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்ற நிறுவனங்களுக்கு நம் மத்திய அரசு கடிதம் எழுதியது. மாதக் கணக்கில் இந்தப் பயம் நாட்டையே உலுக்கிய பிறகு, 2018 ஜனவரியில் மக்களவையில் வந்த பதிலைப் பலர் படிக்கவே இல்லை. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் தலைமை இயக்குநர் தலைமையிலான குழு, சந்தேகத்துக்குரிய மரணங்களில் இணையப் பயன்பாடு, அழைப்புப் பதிவு, சமூக ஊடகக் கணக்கு எல்லாவற்றையும் ஆராய்ந்தது. ஒரு சம்பவத்தில்கூட இந்த விளையாட்டின் தொடர்பை நிறுவ முடியவில்லை. 2018இல் 'மோமோ' என்று பயமுறுத்திய கோர முகமும் ஜப்பானில் ஒரு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் செய்த சிலைதான்.

விளையாட்டு நிரூபணமாகவில்லை என்பதால் நிரவி இளைஞர் பட்ட பாடு பொய்யாகிவிடாது. கதையின் பெயரை வைத்துக்கொண்டு எவனோ ஒருவன் மிரட்டலாம். தூக்கமில்லாமல் தவிக்கும் பிள்ளை அந்தக் கதைக்குள் போய் ஒதுங்கியும் இருக்கலாம். இரண்டுமே உடனே கவனிக்க வேண்டியவை. ஆகவே மெய்யா பொய்யா என்று கண்டுபிடிக்க நீங்கள் அந்த லிங்கைத் தட்டிப் பார்க்க வேண்டாம். அது விசாரிப்பவரின் வேலை. அவருக்குச் சான்று சிதையாமல் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

எப்படி? போன் இருக்கிற நிலையிலேயே இருக்கட்டும். ஃபார்மேட் செய்யாதீர்கள், ஆப்பை நீக்காதீர்கள், அக்கவுன்ட்டிலிருந்து வெளியே வராதீர்கள். இன்னொரு போனை எடுத்து, நம்பரும் தேதியும் நேரமும் தெரிகிறபடி ஒவ்வொரு திரையையும் படம் எடுங்கள். லிங்கின் முழு முகவரியும், அனுப்பியவரின் புரொஃபைல் பக்கமும் அதில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் தானே மறையும் மெசேஜ் வசதி போட்டிருந்தால் 24 மணி நேரத்தில்கூட எல்லாம் போய்விடும், எனவே இதை முதலில் செய்யுங்கள். பிளாக் செய்வதும் ரிப்போர்ட் செய்வதும் அதற்குப் பிறகுதான். அப்போதும் சாட்டை அழிக்கவா என்று கேட்கும் டிக்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். போனில் மூலப் பதிவு இருந்தால், அதன் நகலைப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு நீதிமன்றத்தில் வைக்கலாம். மறுபடியும் சொல்கிறேன்: அழிக்காதீர்கள்.

புகாரில் "புளூ வேல் விளையாட்டு" என்று எழுதாதீர்கள். அந்தப் பெயரைப் பார்த்ததும்தான் புகாரை மூடி வைக்கிறார்கள். இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த நம்பரிலிருந்து, இன்னதைச் செய்யாவிட்டால் இன்னது செய்வேன் என்று மிரட்டல் வந்தது என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் மிரட்டல் குற்றம். பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டினால் கூடுதலாக 2 ஆண்டு வரை தண்டனை உண்டு. 18 வயதுக்குட்பட்டவரைத் தற்கொலைக்குத் தூண்டி உயிர் போயிருந்தால் 107ஆம் பிரிவு. அதில் ஆயுள் தண்டனை, மரண தண்டனை வரை இருக்கிறது.

காரைக்கால்காரர்களான நமக்கு எல்லைத் தொல்லை ஒன்றும் உண்டு. வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு, பூவத்தைத் தாண்டினாலும் தமிழ்நாடு. பிள்ளை நாகப்பட்டினத்தில் படிப்பான், வீடு திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும். "இது எங்க லிமிட் இல்லை" என்ற பதிலைக் கேட்டு அலைந்தவர்கள் இங்கே ஏராளம். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்களில் அந்தப் பதில் சட்டப்படி செல்லாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, அத்தகைய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வராதீர்கள். பதிய மறுத்தால் அதே புகாரைக் காரைக்கால் முதுநிலைக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் அசையவில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் மனுப் போடலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிந்து ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1930 என்பது முக்கியமாகப் பணம் பறிபோனவர்களுக்கான எண், மிரட்டலுக்கு இணையதளமே வழி.

குரூப்பில் போடுகிறவர்களுக்கு: பாதிக்கப்பட்ட சிறார் யார் என்று தெரியும்படி பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். நல்லெண்ணத்தில் செய்தேன் என்பது அந்தப் பிள்ளைக்கு உதவாது. மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் போய் உட்காரப் போவது அவன்தான்.

போலீசுக்குப் போவதாலேயே காரியம் முடிந்ததாக நினைத்துப் பிள்ளையை மறந்துவிடுகிறார்கள். இரவில் தூங்காமல் இருக்கிறானா, சாப்பாட்டை ஒதுக்குகிறானா, உடம்பில் காயத்தை மறைக்கிறானா, சாவைப் பற்றிப் பேசுகிறானா என்று பாருங்கள். அப்படி இருந்தால் தனியே விடாதீர்கள், அடிக்காதீர்கள், அன்றைக்கே அரசுப் பொது மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவரைக் கேளுங்கள். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து காயத்தை மறைக்க வேண்டியதில்லை. தற்கொலைக்கு முயன்றவரையே தண்டித்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. நடுராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் சிறார் உதவி எண் 1098உம் உண்டு. ஆபத்து கண்முன்னே இருந்தால் இவற்றுக்குக் காத்திராமல் 112ஐ அழையுங்கள்.