படத்தில் விட்டுப்போன அணைப்பு

கோடை லீவுக்கு நாகர்கோவிலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய ஏழு வயது மகன், இருட்டினால் அடுக்களைக்குக்கூடத் தனியாகப் போகமாட்டேன் என்கிறான். "எம்மா, லைட்ட அணைக்காத!" என்று ராத்திரி பூராவும் அழுகை. விசாரித்தால், ஹாரி பாட்டர் படங்களை தினம் ஒன்றாகப் பார்த்திருக்கிறான். நாலாவது படத்தில் வந்தது வினை. கல்லறைத் தோட்டத்தில் மூக்கில்லாத மந்திரவாதி உயிர்பெற்று எழுந்து வருகிறானே, அந்தக் காட்சிதான்.

"பிள்ளையளுக்க படம்தானக்கா, அதான் போட்டுக் குடுத்துட்டு சமைக்கப் போனேன்" என்றாள் தங்கை.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஜே.கே. ரௌலிங் எழுதிய ஏழு புத்தகங்கள் 1997 முதல் 2007 வரை வந்தன. கடைசிப் புத்தகத்தை இரண்டாக்கி, எட்டுப் படங்கள் 2001 முதல் 2011 வரை வந்தன. ஹாரிக்கு வயது ஏற ஏறக் கதையும் இருண்டுகொண்டே போகும். அன்று முதல் படம் பார்த்த சிறுபிள்ளை, கடைசிப் படத்துக்குள் வளர்ந்து ஆளாகியிருக்கும். நம் வீட்டுப் பிள்ளையோ அந்தப் பத்து வருஷத்தை ஒரே வாரத்தில் தாண்டப் பார்க்கிறது! 2005-ல் வந்த அந்த நாலாவது படத்தை, பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் தியேட்டரில் பார்க்கலாம் என்று பிரிட்டன் தணிக்கையிலேயே விதித்துவிட்டார்கள். முதல் மூன்றுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை.

எனக்கு வேறொரு ஆதங்கமும் உண்டு. நாலாவது புத்தகம் அறுநூறு பக்கத்துக்கு மேல். அதை இரண்டரை மணிச் சொச்சத்தில் அடக்கினால் எதையாவது வெட்டத்தான் வேண்டும். எதை வெட்டினார்கள் பாருங்கள்! புத்தகத்தில், அந்தக் கல்லறைத் தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஹாரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். தாயில்லாப் பிள்ளை. சிநேகிதன் ரானின் அம்மா மிஸஸ் வீஸ்லி குனிந்து அவனைக் கட்டி அணைத்துக்கொள்கிறாள். பெற்றவள் அணைக்கிற மாதிரி தன்னை யாரும் அணைத்ததாக அவனுக்கு ஞாபகமே இல்லை. அடக்கி வைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்துவிடுகிறது. படிக்கிற குழந்தைக்கும் அங்கேதான் மூச்சு வரும். படத்தில் அந்தக் காட்சி இல்லை. காட்சி மட்டுமா, அந்தப் படத்தில் மிஸஸ் வீஸ்லியே இல்லை! பயமுறுத்துகிறவன் மட்டும் முழுசாக வந்துவிட்டான்.

எங்கள் ஆச்சி கள்ளியங்காட்டு நீலி கதை சொல்லுவாள். எங்கள் முகம் மாறினால் போதும், கதையை நிறுத்தி, "நீலி இங்க வரமாட்டா மக்ளே" என்று மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். டி.வி.க்கு யார் முகம் தெரியும்?

மிச்சப் படங்கள் இப்போது வேண்டாம், விட்டுப்போன இடத்தை நீயே கதையாகச் சொல்லு என்று தங்கையிடம் சொன்னேன். அன்று ராத்திரி பையனைப் பக்கத்தில் படுக்கவைத்துச் சொன்னாள். ஹாரியை அணைக்கிற இடம் வந்ததும் இவனையும் அணைத்துக்கொண்டாள். மறுநாளும் அதே இடத்தைத்தான் கேட்டான்.

லைட் இன்னும் எரிகிறது. ஆனால் அடுக்களை வரை தனியாகப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறான்.