காவலே பகையானால்...

விரலில் சிறு கீறல் விழுந்தால் சற்று நேரத்தில் குருதி உறைந்து கசிவு நின்றுவிடுகிறது. அது நம்மைக் காக்கும் ஏற்பாடு. காயமே இல்லாத குருதிக் குழாயினுள் அவ்வாறு உறைந்தால் அதுவே ஆபத்து. கால் நாளத்தில் உறைந்தால் கால் வீங்கும். மூளை நாடியில் உறைந்தால் பாரிசவாதம் வரும். கர்ப்பிணிகளுக்கோ, திரும்பத் திரும்பக் கரு கலையவும் கூடும்.

1983இல் இலண்டனில் வைத்தியர் கிரஹாம் ஹியூஸும் அவருடைய குழுவினரும் விவரித்த இந்நோய் 'அன்ரிபொஸ்போலிப்பிட் நோய்த்தொகுதி' எனப்படும். இதில் கிருமிகளை எதிர்க்க வேண்டிய பிறபொருளெதிரிகள், கலமென்சவ்வின் கொழுப்போடு ஒட்டும் நம் சொந்தப் புரதங்களையே தாக்குகின்றன. அதனால் குழாய்ச் சுவரும் குருதிச் சிறுதட்டுகளும் தூண்டப்பட்டு, குருதி எளிதில் உறைகிறது.

உடல் ஏன் தன்னையே பகைக்கிறது? நம் நிர்ப்பீடனத் தொகுதியை ஒரு தராசாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் அழற்சியைத் தூண்டும் 'ரீஎச்-17' கலங்கள். மறு தட்டில் 'போதும், நிறுத்து' என்று அடக்கும் ஒழுங்காக்கும் ரீ-கலங்கள். இந்நோயாளர் பலரிடம் அடக்கும் கலங்கள் குறைந்து, தூண்டும் பக்கம் தாழ்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த அடக்கும் கலங்களை 1995இல் இனங்காட்டிய ஜப்பானிய அறிஞர் சிமொன் சகாகுச்சி, இத்துறையில் உழைத்த மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் 2025இல் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

குருதிப் பரிசோதனையால் நோயை அறியலாம். ஒருமுறை பிறபொருளெதிரி தென்பட்டால் போதாது. குறைந்தது 12 வாரங்களின் பின் மீண்டும் பார்த்தே உறுதிசெய்வர். குருதி உறைந்தவர்களுக்கு வோர்பரின் போன்ற மாத்திரை வழங்கப்படும். வோர்பரின் சிசுவைப் பாதிக்கக்கூடியது. ஆகவே கர்ப்ப காலத்தில் அதற்குப் பதிலாக ஹெப்பாரின் ஊசியும் சிறிதளவு அஸ்பிரினும் கொடுப்பர். இச்சிகிச்சையால் பெரும்பாலான தாய்மார் குழந்தையைப் பெற்றெடுக்கின்றனர். எந்த மருந்தையும் வைத்தியரைக் கேளாமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

சகோதரிகளே, பெற்றோரே! கரு கலைவதற்குக் காரணங்கள் பல. எல்லாமே இந்நோயால் அல்ல. ஆனால் இரண்டு மூன்று முறை கருவை இழந்த பெண்ணிடம் "கண்ணூறு பட்டுவிட்டது", "நீ கவனமாக இருக்கவில்லை" என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. அந்தப் பெண் எந்தக் குற்றமும் செய்யவில்லை. குறை சொல்வதை விட்டு, அவளை ஒருமுறை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.