கண்ணன் பாட்டும் ஆறு இசைத்தட்டுகளும்

"சின்னஞ்சிறு கிளியே பாட்டை அந்தப் பெண் தப்பான மெட்டில் பாடிவிட்டாள்" என்று நவராத்திரிக் கொலுவில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். தப்பான மெட்டு என்றால் சரியான மெட்டு எது? சினிமா இசைத்தட்டில் இருப்பதா? அந்தப் பாட்டை இயற்றியவர் மனத்தில் இருந்ததா?

பாட்டை இயற்றியவர் மகாகவி பாரதியார். இயற்றிய ஊர் புதுச்சேரி. 1908-ல் பிரிட்டிஷ் போலீஸின் கைக்கு எட்டாமல் பிரெஞ்சு எல்லைக்குள் வந்தவர் 1918 வரையில் இங்கேதான் குடித்தனம் நடத்தினார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் புதுச்சேரி வாசத்தில் பிறந்தவை. கண்ணன் பாட்டை 1917-ல் பரலி சு. நெல்லையப்பர் புத்தகமாக வெளியிட்டார். கண்ணனைத் தோழனாக, தாயாக, சேவகனாக, குழந்தையாக, காதலியாக, குலதெய்வமாகக் கண்டு பாடிய இருபத்து மூன்று பாட்டுகள் அதில் இருக்கின்றன.

பாரதியார் நன்றாகப் பாடுவார். ஆனால் அவர் குரல் எந்த இசைத்தட்டிலும் பதிவாகவில்லை. பாட்டுக்கு மேலே எழுதி வைத்த ராகமும் தாளமுந்தான் நமக்கு மிச்சம். ஆகவே பின்னால் வந்த இசைத்தட்டு ஒவ்வொன்றும், "இப்படித்தான் இருந்திருக்குமோ?" என்று ஒருவர் செய்து பார்த்த யூகமே. அப்படி ஆறு யூகங்களை வரிசையாக வைத்துக் கேட்டுப் பார்ப்போம்.

கச்சேரிக் குரலில் ஒரு புகார்

முதலாவது, 1948-ல் வந்த ஏ.வி.எம்.மின் 'வேதாள உலகம்'. 'தீராத விளையாட்டுப் பிள்ளை'யை டி.கே. பட்டம்மாள் பாடினார், லலிதாவும் பத்மினியும் ஆடினார்கள். தெருப் பெண்கள் கண்ணன்மேல் சொல்லும் புகார்ப் பட்டியல்தானே இந்தப் பாட்டு? பட்டம்மாளோ சிணுங்கவில்லை, குழையவில்லை. கச்சேரி மேடையின் கம்பீரத்தோடு ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்திச் சொல்கிறார். வார்த்தை தெளிவில் ஆறு தட்டுகளிலும் இதற்குத்தான் முதலிடம். குறும்பு கொஞ்சம் குறைவு என்று ஒருவர் சொன்னால் சண்டைக்குப் போக முடியாது.

அந்தக் காலத்தில் பாரதி பாட்டுகளின் இசைத்தட்டு உரிமை ஏ.வி.எம்.மிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது ஆட்சேபம் எழுந்தது, விவகாரம் பெரிதாயிற்று. கவியின் பாட்டு நாட்டுக்கே சொந்தம் என்று எழுத்தாளர்களும் ரசிகர்களும் குரல் கொடுத்தார்கள். 1949-ல் சென்னை அரசு உரிமையைப் பெற்றது. பிறகு அது பொதுச் சொத்தாயிற்று. அதற்குப் பின்தான் யார் வேண்டுமானாலும் பாடலாம், எந்த மெட்டிலும் பாடலாம் என்ற நிலை வந்தது.

ராகம் மாறிய குழந்தை

இரண்டாவது, 1951-ல் வந்த என்.எஸ். கிருஷ்ணனின் 'மணமகள்'. இசை சி.ஆர். சுப்பராமன். 'சின்னஞ்சிறு கிளியே'யை எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். காபியில் தொடங்கி ராகமாலிகையாகப் போகிறது. குழந்தை ஓடிவரும்போது ஒரு ராகம், அதன் கண்ணில் நீர் கண்டால் வேறொரு ராகம். தாய் முகம் ஒரே மாதிரி இருக்குமா என்ன? பாவம் மாற ராகமும் மாறுவதால்தான் இந்த மெட்டு நம் வீடுகளில் தாலாட்டாகவே நிலைத்துவிட்டது. ஒரு குறையும் உண்டு: சங்கீதப் பயிற்சி இல்லாதவர்களுக்கு நடுநடுவே தொண்டை தடுக்கிவிடும்!

கண்ணம்மாவுக்கு வாய் கிடைத்தது

மூன்றாவது, 1961-ல் வந்த பி.ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்'. ஜி. ராமநாதன் இசையில் 'காற்று வெளியிடை'யைப் பி.பி. ஸ்ரீநிவாஸும் பி. சுசீலாவும் பாடினார்கள். மூலத்தில் இது காதலன் ஒருவனே பேசும் பாட்டு. கண்ணம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். படத்தில் பெண் குரலும் சேர்ந்ததால் கண்ணம்மாவுக்கும் வாய் கிடைத்தது. மூலத்தை மாற்றிய காரியந்தான்; ஆனால் நம் சகோதரிகளில் யாரும் இதற்காக வருத்தப்பட மாட்டார்கள். ஸ்ரீநிவாஸின் குரலோ காதோடு பேசுவதுபோல் அவ்வளவு மிருது.

காத்திருத்தலும் கொடுத்து வாங்கலும்

நான்காவது, 1980-ல் வந்த கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு'. எம்.எஸ். விசுவநாதன் இசையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் 'தீர்த்தக் கரையினிலே' பாடினார். வருவதாகச் சொன்னவள் வரவில்லை. குறித்த இடத்தில் நிற்பவன் தவிக்கிறான். பாரதியாரே இதற்கு 'குறிப்பிடம் தவறியது' என்று தலைப்பிட்டார். பாடகர் ஏக்கத்தை அள்ளிக் கொட்டாமல் அளந்து கொடுக்கிறார்.

ஐந்தாவது, 1982-ல், பாரதி நூற்றாண்டின்போது வந்த 'ஏழாவது மனிதன்'. எல். வைத்தியநாதன் இசையில் பாரதி பாட்டுகளே படத்தின் பாட்டுகள். புத்தகத்தில் 'பாயுமொளி' என்று தொடங்கும் கவிதை, இந்தத் தட்டில் நடுவிலிருந்து, 'வீணையடி நீ எனக்கு' என்று ஆரம்பிக்கிறது. வீணையும் விரலும் என்ற உவமை முதலில் வந்துவிடுவதால் இசைக்கு நல்ல வாசல் திறக்கிறது. யேசுதாசும் நீரஜாவும் பாடினார்கள். இருவர் ஒருவருக்கொருவர் என்னென்ன என்று அடுக்கும் கவிதை; இதற்கு ஜோடிக் குரல் தானாகவே பொருந்துகிறது. ஆனால் ஒளியில் தொடங்கிய கவியின் வரிசை கலைந்துவிட்டது என்பதும் நிஜம்.

விளக்கேற்றும் வேளைக்கு ஒன்று

ஆறாவது, 2000-ல் ஞான ராஜசேகரன் எடுத்த 'பாரதி'. இளையராஜா இசையில் பம்பாய் ஜெயஸ்ரீ பாடிய 'நின்னைச் சரணடைந்தேன்'. கவலையையும் பயத்தையும் துயரையும் குலதெய்வமான கண்ணம்மாவின் காலடியில் கொண்டுபோய் வைக்கும் பாட்டு. குரலில் ஆர்ப்பாட்டமில்லை, அவசரமில்லை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் தனியே முணுமுணுக்க இதைவிடப் பொருத்தமான தட்டு இந்த வரிசையில் இல்லை.

சரியான மெட்டு எது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 'சின்னஞ்சிறு கிளியே'க்குப் பாரதியார் குறித்தது பைரவி ராகம், ரூபக தாளம். நாம் பாடுவது ராகமாலிகை. அப்படியானால் நாம் அத்தனை பேரும் தப்பாகத்தான் பாடுகிறோமா?

இல்லை. அதே இடத்தில் அவர் சில ஸ்வர வரிசைகளை எழுதி, அவற்றை மாதிரியாக வைத்துக்கொண்டு மனோபாவப்படி மாற்றிப் பாடச் சொல்லியிருக்கிறார். எழுதியவரே கதவைத் திறந்து வைத்த பிறகு, பூட்டுப் போட நாம் யார்? ராகம் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட, வார்த்தை கேட்கிறதா, பாவம் நிற்கிறதா என்று பார்ப்பதே நியாயம். அப்படிப் பார்த்தால் வார்த்தைக்கு 'வேதாள உலகம்', பாவத்துக்கு 'மணமகள்' என்று பரிசளிக்கலாம். மற்ற நான்கும் பின்வாங்க வேண்டியவை அல்ல.

இன்னொரு விஷயம். பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிஷந்தான் ஓடும். சினிமாவிலும் இடம் குறைவு. பாட்டின் எல்லாக் கண்ணிகளும் தட்டில் ஏறுவதில்லை. ஏறாதவை மெதுவாக நம் வாயிலிருந்தும் மறைந்துவிடுகின்றன. நஷ்டம் அங்கேதான்.

புதுச்சேரியில் பாரதியார் புதுப் பாட்டு கட்டியவுடன் கேட்டவர்களில் சிறுமிகளும் உண்டு. மண்டயம் ஸ்ரீநிவாஸாசாரியாரின் மகள் யதுகிரி அம்மாள் அந்த நாட்களைப் 'பாரதி நினைவுகள்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். இசைத்தட்டு வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தப் பாட்டுகளைக் காப்பாற்றியவை வீட்டுக் குரல்கள்தான்.

ஆகவே, சகோதரிகளே, இந்த ஆறையும் கைப்பேசியிலே தேடிக் கேளுங்கள். கேட்கும்போது பாரதியார் பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் விட்டுப்போன கண்ணிகளைப் பென்சிலால் குறித்து, உங்களுக்குத் தோன்றிய மெட்டில் குழந்தைகளோடு சேர்ந்து பாடிப் பாருங்கள். அடுத்த கொலுவில் யாராவது "மெட்டு தப்பு" என்றால், கவியின் அனுமதி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சுண்டலை நீட்டுங்கள்!