திறந்த மூல மென்பொருட் சமூகங்களும் பத்திரிகைத் தொடர்பும்

மென்பொருளொன்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்ற அடிப்படையில் இயங்கும் தொண்டர் குழுக்களையே திறந்த மூலச் சமூகங்கள் என்கிறோம். இவை தம்மைப் பத்திரிகை உலகுக்கு எவ்வாறு அறிமுகஞ் செய்கின்றன என்பது இங்கு நோக்கப்படுகின்றது. வணிக நிறுவனத்துக்கு விளம்பரப் பணமுண்டு, வெளியீட்டு நாளுண்டு, அதன் சார்பில் பேசுவோருமுண்டு. தொண்டர் சமூகத்துக்கு இம்மூன்றும் இயல்பாய் அமைவதில்லை. எனவே அவற்றைத் திட்டமிட்டே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.

பெயரிலிருந்தே இத்திட்டமிடல் தொடங்கியது எனலாம். 1983 இல் றிச்சர்ட் ஸ்ரோல்மன் தொடக்கிய இயக்கம், ஆங்கிலத்தில் இலவசத்தையும் சுதந்திரத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல்லொன்றைத் தன் பெயரிற் கொண்டிருந்தது. நிருபர்களும் வணிகரும் அதனை விலையின்மை என்றே விளங்கிக்கொண்டனர். 1998 ஜனவரியில் நெற்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. அடுத்த மாதம் கலிபோர்ணியாவின் பாலோ அல்ரோ நகரிற் கூடிய சிறு கூட்டமொன்றில் கிறிஸ்ரின் பீற்றர்சன் ‘திறந்த மூலம்’ என்னும் பெயரை முன்மொழிந்தார். ஏப்ரல் 7 இல் ரிம் ஓறைலி கூட்டிய மாநாட்டில் வாக்கெடுப்பின் மூலம் அப்பெயர் ஏற்கப்பட்டு, அன்றே நிருபர்கள் முன்னிலையில் வைக்கப்பட்டது. லினக்ஸ், பேர்ள், பைதன், அப்பாச்சி, சென்ட்மெயில் முதலியவற்றை ஆக்கியோர் அங்கே ஒன்றாக அமர்ந்திருந்தனர். தனித்தனியே செய்திப் பெறுமானமற்றவையாகத் தோன்றிய இவை ஒருசேர நின்றபோது, இணையத்தின் அஞ்சலும் தளங்களும் எவர் உழைப்பில் இயங்குகின்றன என்பது புலனாயிற்று. திட்டமிட்ட பத்திரிகைத் தொடர்பின் வெற்றி இது.

அம்மாநாட்டுக்கு ஸ்ரோல்மன் அழைக்கப்படவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. வணிக உலகு அஞ்சாத பெயரைத் தேடியபோது, சுதந்திரம் என்ற கோரிக்கை பெயரினின்றும் உதிர்ந்தது. பின்னர் ஸ்ரோல்மன் அப்பெயரை ஏற்க மறுத்தமை வெறும் பிடிவாதமன்று என்பதே எமது கருத்து. தமிழிலோ இம்மயக்கத்துக்கு இடமேயில்லை. ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற தொடர் விலையைக் குறிப்பதாக எவரும் கொள்ளார். அவ்வாறிருந்தும், ஆங்கிலப் பத்திரிகைகளின் வசதிக்காகப் பிறந்த பெயரை நாமும் பெயர்த்துக்கொண்டோம். இக்கட்டுரையின் தலைப்பே அதற்குச் சான்று.

நாள் பற்றிய சிக்கல் வேறு வகையானது. ஆயத்தமாகும்போது வெளியிடுவோம் என்பது தொண்டர் மரபு. பத்திரிகைக்கோ முன்கூட்டியே நாள் வேண்டும். உபுந்து 2004 ஒக்ரோபர் முதல் ஆறு மாதத்துக்கொரு வெளியீடு என்ற ஒழுங்கை மேற்கொண்டு, ஆண்டையும் மாதத்தையுமே பதிப்பெண்ணாக்கியது.

பணத்தைப் பொறுத்தவரை மொசில்லாவின் முயற்சி குறிப்பிடத்தக்கது. பயர்பொக்ஸ் உலாவியின் முதலாம் பதிப்பு 2004 நவெம்பர் 9 இல் வெளிவந்தது. ஏறத்தாழப் பதினாயிரம் பேர் அளித்த நன்கொடையைக் கொண்டு நியூ யோர்க் ரைம்ஸ் நாளேட்டில் இரு பக்க விளம்பரம் வாங்கப்பட்டது. கொடையாளர் பெயர்களே அதில் நிறைந்திருந்தன. எனினும் அது டிசெம்பர் 16 இல், வெளியீட்டுக்கு ஐந்து வாரங்கள் கழிந்த பின்னரே வந்தது. காலத்தாற் பிந்தியதாயினும், பெயர்ப் பட்டியலையே செய்தியாக்கிய உத்தி வணிக விளம்பரம் எதற்கும் எளிதில் வாய்க்காதது.

துன்பச் செய்தி வரும்போது பேசுவது யார் என்பதே இவற்றுள் மிகக் கடினமான வினா. 2014 ஏப்ரல் 7 இல் ஓப்பின் எஸ்.எஸ்.எல். மென்பொருளின் பாரிய பாதுகாப்புக் குறையொன்று வெளியானது. அதற்கு ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெயரையும் இரத்தம் வடியும் இதயச் சின்னத்தையும் அளித்தது அச்சமூகமன்று. குறையைக் கண்டறிந்தோருள் ஒன்றான பின்லாந்து நிறுவனமே. உலகப் பத்திரிகைகள் அச்சின்னத்தைத் தாங்கி வந்தன. உலகின் வலைத்தளங்களிற் பெரும்பகுதி நம்பியிருந்த அம்மென்பொருளை முழுநேரமாகப் பேணியவர் ஒருவரே என்பதும், ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர் மட்டுமே என்பதும் அதன் பின்னரே பலருக்குத் தெரியவந்தன. அம்மாதமே பெருநிறுவனங்கள் நிதி திரட்டத் தொடங்கின.