நட்சத்திரம் சேமியா ஆன கதை!

போன டிசம்பர், ஓர் அமாவாசை ராத்திரி. ஜவ்வாது மலையில் ஒரு மொட்டைப் பாறை. நானும் ரூம்மேட்டும் ஒரே போர்வைக்குள். கேமராவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 75-300 ஜூம் லென்ஸ். ஒரு லீவு முழுக்க டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு சார் அது! ஓரியன் நெபுலா பக்கம் திருப்பி, 300 மி.மீ. வரைக்கும் இழுத்து, 30 விநாடி ஷட்டரைத் திறந்து வெச்சேன். ஸ்கிரீனில் வந்ததைப் பார்த்து ரூம்மேட் கேட்டான்... "என்னடா, சேமியாவைக் கொட்டி வெச்சிருக்கே?"

அந்த அவமானம் உங்களுக்கு வரக் கூடாது. நட்சத்திர போட்டோ எடுக்கணும், டெலிஃபோட்டோ வாங்கலாமா, குட்டி டெலஸ்கோப் வாங்கலாமானு யோசிக்கிற ஆளா நீங்க? பர்ஸைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம்!

வானம் நிக்காது பாஸ்!

பூமி சுத்துறதால வானம் 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி நகருது. 30 விநாடியில் நட்சத்திரம் ஓடுற தூரம், நிலாவின் அகலத்தில் கால்வாசி. சேமியா ரகசியம் இதுதான். போட்டோகிராஃபர்கள் ஒரு மனக்கணக்கு வெச்சிருக்காங்க. 500-ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுத்தால், எத்தனை விநாடி திறக்கலாம்னு தெரியும். 300 மி.மீ.க்கு ஒண்ணரை விநாடிதான். நம்ம கையில் இருக்கிற சின்ன சென்சார் கேமரான்னா ஒரே விநாடி! அதுக்குள்ள என்ன வெளிச்சம் வந்து சேரும்?

அதனால முதல் செலவு லென்ஸ் இல்லை... ஸ்டார் டிராக்கர். ட்ரைபாட் மேல உட்கார்ந்து, பூமி ஒரு பக்கம் சுத்தினா கேமராவை எதிர்ப்பக்கம் சுத்தி ஈடுகட்டும் சின்னப் பெட்டி. 23 மணி 56 நிமிஷத்தில் ஒரு சுற்று. ஸ்கை-வாட்சரின் ஸ்டார் அட்வென்ச்சரர் மாதிரி டிராக்கர்கள் 5 கிலோ தாங்கும்னு போட்டிருக்கும். டெலிஃபோட்டோ மாட்டுறதா இருந்தா அதில் பாதியோடு நிறுத்திக்கிறது புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயம். டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்குப் பக்கமா குறி வைக்கணும். சென்னையில் அது அடிவானத்திலிருந்து வெறும் 13 டிகிரி உயரம், கன்னியாகுமரியில் 8. ஒரு தென்னை மரம் போதும், மறைச்சுடும்! வடக்குப் பக்கம் திறந்த இடமா பார்த்து உட்காருங்க. டிராக்கரோட அடிப்பகுதி அவ்வளவு கீழே சாயுதானும் கடையிலேயே பார்த்துடுங்க.

லென்ஸா, டெலஸ்கோப்பா?

'ஜூம் அதிகமானா நல்லது'ங்கிறது பெரிய மாயை. ஆண்ட்ரோமிடா கேலக்ஸி மங்கலா இருக்கே தவிர, சின்னது இல்லை. வானத்தில் அதன் நீளம் சுமார் 3 டிகிரி, அதாவது ஆறு நிலாக்களை வரிசையா வெச்ச மாதிரி. சின்ன சென்சார் கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் 6 டிகிரிக்கு மேல காட்டும். அம்சமா உட்காரும். 1000 மி.மீ. டெலஸ்கோப்பில் அதன் நடு வயிறு மட்டும்தான் வரும்.

அடுத்து, வெளிச்சம் நுழையும் வாசல். மி.மீ.யை எஃப் நம்பரால் வகுத்துப் பாருங்க. 200 மி.மீ. எஃப் 2.8-க்கு 71 மி.மீ. 135 மி.மீ. எஃப் 2-க்கு 67. 250 மி.மீ. எஃப் 4.9 குட்டி டெலஸ்கோப்புக்கு 51. ஆக, இந்தக் கணக்கில் லென்ஸ் இளைச்சது இல்லை. (ஜவ்வாது மலையில்தான் காவலூர் ஆய்வகமும் இருக்கு. அங்கே உள்ள வைணு பாப்பு டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர். என் ஜூமோட வாசல் 54 மி.மீ. கம்பேர் பண்ணக் கூடாது!)

வித்தியாசம் எங்கேன்னா, நட்சத்திரம் ஒரு கறாரான எக்ஸ்டர்னல் எக்ஸாமினர். கல்யாண போட்டோவில் தெரியாத குறையெல்லாம் அதுகிட்ட மாட்டிக்கும். மூலையில் இருக்கிற நட்சத்திரத்துக்கு றெக்கை முளைக்கும். பளிச்னு இருக்கிறதைச் சுத்தி ஊதா வளையம் வரும். எஃப் நம்பரை ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் ஏத்தினா பெரும்பாலும் அடங்கும். ஜூமைவிட பிரைம் லென்ஸ் பெட்டர். அண்ணாந்து வெச்சா பல ஜூம்கள் தன் வெயிட்லயே சரியும்.

டெலஸ்கோப்பின் பலம் ஃபோகஸ். நிதானமா, மயிரிழை அளவுக்குத் திருப்பி லாக் பண்ணலாம். ஆனா, 'ஈ.டி.' கண்ணாடி இருக்கானு கேளுங்க. ஓரத்து நட்சத்திரமும் புள்ளியா விழ, 'ஃபீல்டு ஃப்ளாட்டனர்'னு தனி லென்ஸ் வேணுமானும் கேளுங்க. ரெட்கேட் 51 மாதிரி பெட்ஸ்வால் டிசைன்ல அது உள்ளேயே இருக்கும். அட்டைப்பெட்டியில் '525 மடங்கு'னு கொட்டை எழுத்தில் போட்ட பொம்மையைப் பார்த்தா, கும்பிட்டுட்டு நகர்ந்துடுங்க.

என் தீர்ப்பு? கல்சுரல்ஸும் எடுக்கணும், வானமும் வேணும்னா, பழைய 135 அல்லது 200 பிரைம். வானம் மட்டும் போதும்னா, 50-60 மி.மீ. ஈ.டி. டெலஸ்கோப். எதுவானாலும் கடைசி டெஸ்ட் இதுதான்... டிராக்கர், ட்ரைபாடு, பேட்டரியோட சேர்த்து மொத்தமும் ஒரே முதுகுப்பைக்குள் அடங்கி, பஸ்ஸில் மடியில் வெச்சுக்கிட்டுப் போக முடியணும். இருட்டு இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக முடியாத கருவி, எவ்வளவு காஸ்ட்லியா இருந்தாலும் ஷோகேஸ் பொம்மைதான்.

மலை ஏறும் முன்...

* லென்ஸில் இருக்கும் இன்ஃபினிட்டி கோட்டை நம்பாதீங்க. லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிசாக்கி, அது ஆகக் குட்டிப் புள்ளியாகும் வரை திருப்பி, டேப் ஒட்டிடுங்க.

* இமேஜ் ஸ்டெபிலைசரை ஆஃப் பண்ணுங்க.

* பனி இறங்கி லென்ஸ் வேர்க்கும். அப்பப்போ டார்ச் அடிச்சுப் பாருங்க.

க்ளைமாக்ஸ் சொல்லணும்ல? பிப்ரவரியில் சீனியர் ஒருத்தர்கிட்ட டிராக்கரைக் கடன் வாங்கி, என் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினேன். ஒரு நிமிஷம் வீதம் 40 ஷாட். எல்லாத்தையும் கம்ப்யூட்டரில் ஒண்ணா அடுக்கினா... ஓரியன் முழுசா வந்துச்சு, வாளுக்கு நடுவுல ரோஸ் கலர் நெபுலாவோட! அதே ரூம்மேட் மொபைலில் இப்போ அதுதான் வால்பேப்பர்.

75-300 ஜூம்? கல்சுரல்ஸ் மேடையைப் படம் பிடிக்குது. சொந்த டிராக்கருக்காக நான் மறுபடி டியூஷன் ஆரம்பிச்சாச்சு!