மடி தாங்காத எடை

சந்திரகிரியிலிருந்து வெளிநாட்டுக்குப் புறப்படும் குடும்பங்கள் பலவும் புத்தூர், நகரி வழியாகக் காரிலேயே சென்னை விமான நிலையம் போகின்றன. கைக்குழந்தை அம்மா மடியில் தூங்கிக்கொண்டு வரும். லண்டனிலோ சிட்னியிலோ இறங்கி உறவினர் காரில் ஏறும்போது, அதே குழந்தைக்குத் தனி கார் சீட் கட்டாயமாகிவிடுகிறது.

காரணம் எளிய இயற்பியல். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மடியிலுள்ள 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, சுமார் 140 கிலோவைத் தூக்கும் வலு வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்த வலு கிடையாது.

பச்சிளங்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்தெலும்பு முற்றியிருக்காது. அதனால்தான் சீட்டை வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி பொருத்துகிறார்கள். கார் முன்புறம் மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகுப்பலகை ஒருசேரத் தாங்கிக்கொள்ளும்.

பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை குழந்தைக்குரிய சீட் வேண்டும். உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் புதிய வகை சீட்டில் 15 மாதம் கடக்கும்வரை பின்னோக்கியே உட்கார வைக்க வேண்டும். ஜெர்மனியில் உயர வரம்பு 150 செ.மீ. ஆஸ்திரேலியாவில் முதல் 6 மாதம் பின்னோக்கி. அந்நாட்டுத் தரமுத்திரை இல்லாத சீட் செல்லாது. ஆகவே, போகும் நாட்டில் எந்த முத்திரை செல்லும் என்று பார்த்தபின் வாங்குங்கள்; அல்லது அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

பிரிட்டன், சிங்கப்பூர் டாக்சிகளுக்கு விதிவிலக்கு உண்டு. மோதலின் விசைக்கு அந்த விலக்கு தெரியாது.

பொருத்தும்போது மூன்றைக் கவனியுங்கள். ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். குளிருக்குப் போட்ட தடித்த கோட்டைக் கழற்றிவிட்டு வாரை மாட்டுங்கள். தோளருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்டவரை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். வெளிநாட்டுப் பயணத்துக்கென்று சீட் வாங்கும் பெற்றோர், அதைப் பெட்டியோடு டிக்கியில் போடாமல், சந்திரகிரியில் கார் கிளம்பும்போதே பின்னிருக்கையில் பொருத்திவிடுங்கள்.