ஒரே பெயர், இரு குறியீடு: தமிழ்க் கோப்புகளைக் கணினி தேடும் விதம்

கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலமுதல், இதே நகரில் 2001இல் தமிழ் இணைய மாநாடு கூடிய காலம்வரை, குறியீட்டுத் தரம் பற்றிய பேச்சு ஓயவில்லை. ஓர் எழுத்துருவில் தட்டெழுதியது மற்றோர் எழுத்துருவில் சிதைந்து தோன்றிய காலம் அது. யூனிக்கோடு அக்குறையைப் பெரிதும் நீக்கிவிட்டது. எனினும் ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. மென்பொருளோ ‘காணவில்லை’ என்கிறது.

அச்சுக்கோப்பு மென்பொருளான டெக்கை எடுத்துக்கொள்வோம். டொனால்டு கனூத் 1978இல் வெளியிட்ட இம்மென்பொருளுக்குப் பல வடிவங்கள் உண்டு. டெக் என்னும் பெயருக்கு உரிமை கோரும் எவ்வடிவமும் அவர் வகுத்த கடுமையான சோதனையில் தேற வேண்டும். பக்க அமைப்பு எங்கும் ஒன்றாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆயின், கோப்பின் பெயரை எங்கே, எவ்வாறு தேடுவது என்பதை அவர் அந்தந்தக் கணினியின் போக்கிற்கு விட்டுவிட்டார். ஆகவே, அச்சிடும் முறை ஒன்றாயினும் தேடும் முறை வேறாயிற்று.

இங்கேதான் தமிழின் எழுத்தமைப்பு குறுக்கிடுகிறது. ‘கொடி’ என்னும் சொல்லின் முதலெழுத்தை யூனிக்கோடு இருவகையாகக் குறிக்க இடமளிக்கிறது. ககரத்தை அடுத்து ஒகரக் குறி ஒன்றை இடலாம். அல்லது கொம்பும் காலும் தனித்தனியே இரு குறிகளாக இடலாம். இரண்டும் ஒன்றென யூனிக்கோடே கூறுகிறது. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் ஔ என்னும் உயிருக்கும் இது பொருந்தும். கண்ணுக்கு வேறுபாடில்லை, கணினி சேமித்து வைக்கும் எண்வரிசை வேறு.

மெக்கிண்டோஷ் கணினிகளில் 1998இல் வந்த கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. கேட்கும்போது எவ்வடிவில் கேட்டாலும் கண்டெடுத்துத் தந்தது. 2017இல் அதற்கு மாற்றாக வந்த முறைமை தட்டெழுதிய வடிவையே காக்கிறது. தேடும்போது அதே பெருந்தன்மையைக் காட்டுகிறது. லினக்சில் அத்தகைய சலுகை வழக்கமாக இல்லை. எண்வரிசை ஒத்தால்தான் பெயர் ஒக்கும். கிள்ளானில் பழைய மெக்கிண்டோஷில் அமைத்த வினாத்தாளைப் பிரிக்பீல்ட்சில் லினக்ஸ் கணினிக்கு நகலெடுத்தால், ‘கொடி’ என்னும் படக்கோப்பு உடன்வந்தும் வினாத்தாளில் இடம்பெறாமல் போகக்கூடும். தேர்வுநாள் காலையில் இது சிறு குறையன்று.

டெக் லைவ் தொகுப்பு 2018இல் ஒரு சலுகையைச் சேர்த்தது. கேட்ட பெயர் கிடைக்காவிடின், ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் புறக்கணித்து மீண்டும் தேடும். அவ்வேறுபாடே இல்லாத தமிழுக்கு இதனால் பயனில்லை.

இலக்கண உரையாசிரியர்கள் நூற்பாவில் வெளிப்படையாகக் கூறப்படாத விதிகளை ‘இலேசு’ கொண்டு வருவித்தனர். வருவித்ததை உரையில் எழுதியும் வைத்தனர். அதனால் மாணவர் அதனைக் கற்கவும் மறுக்கவும் முடிந்தது. மென்பொருளின் சொல்லாத சலுகையோ உரையில்லாத இலேசு. ஒன்றில் பழகியவர் அதனையே பொதுவிதி எனக் கொள்கிறார். மற்றொன்றிற்குச் சென்றபின்னரே அது விதியன்று என அறிகிறார்.

கோப்புகளுக்கு ஆங்கிலப் பெயரிட்டால் போதுமே என்பர். அவசரத்திற்கு அது உதவும், தீர்வாகாது. தம் பெயரைத் தம் எழுத்தில் கோப்பிற்கு இடும் உரிமை மாணவருக்கு உண்டு. எனவே மூன்று பழக்கங்களைப் பரிந்துரைக்கிறோம். ஆவணத்தில் கோப்பின் பெயரை மீண்டும் தட்டெழுதாமல், கோப்புறையிலிருந்தே நகலெடுத்து ஒட்டுக. ‘ஔவை’ என எழுதுகையில் ஒகரத்தை அடுத்து ளகரத்தை இடாது ஔகாரத்தையே இடுக. அவ்விரண்டும் தோற்றத்தில் ஒத்தாலும் யூனிக்கோட்டில் ஒருபோதும் ஒன்றாகா. அச்சகத்திற்கு அனுப்புமுன் வேறுவகைக் கணினி ஒன்றில் ஒருமுறை திறந்து பார்க்க.

மென்பொருள் ஆக்குவோரிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. பெயரை எவ்வாறு தேடுகிறீர்களோ அதனை எழுதி வையுங்கள். எழுதிய விதியை மற்றவரும் பின்பற்றலாம். எழுதாத விதியை ஊகிக்கவே முடியும்.